ஓவன் கண்ணாடி வியர்த்த நாள்

ஒரே நீளம், ஒரே கனம், ஒரே கறுப்பு. அப்படி இரண்டு பட்டைகளை உங்கள் கையில் கொடுத்து, இதில் எது ஆளைத் தாங்கும், எது பாதியில் கைவிடும் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? எடை போட்டுப் பார்ப்பீர்கள். இரண்டும் ஒன்றாகவே இருக்கும். வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பீர்கள். இரண்டும் ஒரே மாதிரி மினுங்கும். முழங்காலில் வைத்து வளைத்துப் பார்த்தாலும் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஒன்று ஓவனுக்குள் போய் முழுச் சூடு வாங்கி வந்தது, மற்றது அரைச் சூட்டில் திரும்பி வந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஓவன்காரிக்குப் பதினோரு வருடமாகச் சோறு போடுவது இந்தக் கேள்விதான்.

செயற்கைக் கால் செய்யும் பட்டறை அது. மொத்தம் பதினான்கு பேர். அவளுக்குப் பெயர் இல்லாமல் இல்லை, கூப்பிட ஆளில்லை. எல்லாருக்கும் அவள் ஓவன்காரிதான். பீரோ அளவு இரும்புப் பெட்டி ஒன்று, அதில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல், பக்கத்தில் சூட்டைக் கோடாகப் போட்டுக்கொண்டே போகும் ஒரு தாள். இந்த மூன்றும் அவள் பொறுப்பு.

கார்பன் துணி வரும்போது வெறும் துணிதான். சுருட்டினால் சுருண்டு கிடக்கும். பிசின் தடவி, அச்சின் மேல் அடுக்கடுக்காகப் போட்டு, பிளாஸ்டிக் பையால் மூடி, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால் மறுநாள் கல் மாதிரி இறுகிவிடும். தட்டிப் பார்க்கிற யாரும் வேலை முடிந்தது என்றுதான் நினைப்பார்கள். ஆனால் பிசினுக்குள் இருக்கும் மூலக்கூறுகளில் பாதிப் பேர்தான் கைகோத்திருப்பார்கள். மீதிப் பேர் பக்கத்திலேயே ஆள் இருந்தும் கை நீட்ட முடியாமல் உறைந்துபோய் நிற்பார்கள். அவர்களை அசைத்துவிடுவது சூடு. அதுவும் மெல்ல மெல்ல. பிசின் எந்தச் சூடு வரை தாங்குமோ அதை முந்திவிட்டால் இளகிக் கோணிவிடும். ரொம்பப் பின்தங்கினால் கைகோக்காது. கைகோக்கக் கோக்க அதன் தாங்கும் சூடும் ஏறிக்கொண்டே போகும். அதனால் ஓவன் சூடு அதன் தோளை ஒட்டி நடக்க வேண்டும், முந்தக் கூடாது. நடந்து நடந்து நூற்றிருபது டிகிரி வரை கூட்டிக்கொண்டு போய் விட்டால், அதற்கப்புறம் எந்த வெயிலும் அதை ஒன்றும் செய்யாது.

இவ்வளவும் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். பதினோரு வருடமாகியும் அவளுக்கு இது பழகவில்லை. ஒவ்வொரு தடவையும் ஜன்னலில் எட்டிப் பார்ப்பாள். உள்ளே ஒரு கறுப்புக் கால் சும்மா நின்றுகொண்டிருக்கும்.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு காலோடும் அதே துணியில் அதே பிசினில் செய்த ஒரு சின்னப் பட்டை கூடவே ஓவனுக்குள் போகும். அதற்குச் சாட்சி என்று பெயர். காலை ஒடித்துப் பார்க்க முடியாது, சாட்சியை ஒடிக்கலாம். சாட்சி எவ்வளவு தாங்கி ஒடிந்ததோ, காலும் அவ்வளவு தாங்கும் என்று எழுதி அனுப்புவார்கள். ஒடிந்த சாட்சிகள் ஒரு மரப்பெட்டியில் கிடக்கும். எதையும் தூக்கிப் போடுவதில்லை.

அந்த வாரம் வந்த கால் அவளுடைய தம்பியுடையது.

தம்பி தெருவிளக்கு வேலைக்காரன். ஏணியில் ஏறி விளக்கு மாற்றுவான். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு லாரி அவனுடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கொடுத்த கட்டைக் காலோடு போன முறை ஏணிச் சோதனைக்குப் போனான். எட்டாவது படியிலேயே பாதம் வழுக்கி, கம்பியைப் பிடித்துத் தொங்கினான். இன்னொரு வாய்ப்பு தருகிறோம், அதிலும் ஏறவில்லையென்றால் வேலை வேறு ஆளுக்கு என்று சொல்லிவிட்டார்கள். அந்த இன்னொரு வாய்ப்பு வரும் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு.

புதுக் காலைச் சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். சாட்சி நன்றாகவே ஒடிந்திருந்தது. இந்த வருடத்திலேயே நல்ல சாட்சிகளில் ஒன்று. தம்பி சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, நான்கு திருகாணியையும் தானே முடுக்கி மாட்டிக்கொண்டு, வாசலுக்கும் அடுப்புக்கும் நடுவே ஏழெட்டு நடை நடந்தான்.

"எப்படிடா இருக்கு?"

"கால் நல்லாத்தான் இருக்கு. செருப்புக் கடையிலதான் பிரச்சினை. ஒத்தைச் செருப்பு குடுங்கன்னா அடிக்க வர்றான்."

"ரெண்டும் வாங்கு. இன்னொண்ணுல உன்னை நானே அடிக்கிறேன்."

அவன் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். சாப்பாடு வர நேரமாகவும், கையிலிருந்த கரண்டியால் புதுப் பாதத்தில் தாளம் போட்டான். டொக், டொக், டொக்.

ஓவன்காரி அடுப்பைத் திருப்பி அணைத்தாள்.

"இன்னொரு தடவை தட்டு."

"என்ன, பாட்டு பிடிச்சிருக்கா?"

"தட்டுடா."

டொக். பதினோரு வருடத்தில் எத்தனை கால்களைத் தட்டியிருப்பாள். முழுச் சூடு வாங்கிய கால் டங்கென்று சொல்லும், சொல்லிவிட்டுக் கொஞ்சம் இழுக்கும். இது சொன்னதை உடனே விழுங்கியது. குதிகாலில் தட்டச் சொன்னாள். அங்கே இன்னும் மோசம்.

அப்போதுதான் அவளுக்கு வியாழக்கிழமை ஞாபகம் வந்தது. அன்றைக்கு ஓவன் கண்ணாடி உள்ளே வியர்த்திருந்தது. பொட்டுப் பொட்டாகத் தண்ணீர். மழை வரப்போகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போய்விட்டாள். மழை வரவில்லை. நூறு டிகிரிக்கு மேல் காய்கிற பெட்டிக்குள் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

அடுக்குக்காரருக்குப் போன் போட்டாள். பட்டறையில் துணி அடுக்குகிறவர் அவர். வாய்க்குள்ளேயே எண்ணி எண்ணி அடுக்குவார். ஒரு நூல் பிசகினாலும் பிரித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

"அண்ணே, தம்பி காலோட அச்சுல வேற ஏதாவது செஞ்சீங்களா?"

"ஏன் தங்கச்சி? ஒண்ணும் செய்யலையே." கொஞ்சம் நிறுத்தினார். "அச்சு தகடு மெலிசு. அவன் பாதம் வேற பெருசு. சூட்டுல முறுக்கிக்கிட்டா என்ன பண்றதுன்னு, பின்னாடி இருக்கிற பள்ளத்துல பிளாஸ்டர் ஊத்தி வச்சேன். நம்ம பையன் கால் ஆச்சே."

"எப்ப ஊத்தினீங்க?"

"புதன்கிழமை சாயங்காலம்."

ஈரப் பிளாஸ்டர். உள்ளே இருந்த தண்ணீர் ஆவியாகி முடிகிற வரைக்கும் அந்த அச்சு சூடாக மறுத்திருக்கும். ஓவன் காற்று நூற்றிருபது. அச்சில் ஒட்டியிருந்த கால் எழுபதோ எண்பதோ. சாட்சிக்கு அந்த அச்சில் இடமில்லாமல் அவள்தான் தனித் தட்டில், மேல் வரிசையில் படுக்க வைத்தாள். சாட்சி சுகமாகக் காய்ந்தது.

"அப்ப சாட்சி பொய் சொல்லிடுச்சா?" என்றார் அடுக்குக்காரர்.

"பொய் சொல்லலண்ணே. அது இருந்த இடத்தைப் பத்திச் சொல்லுச்சு. நாமதான் கால் இருந்த இடத்தைப் பத்தின்னு நினைச்சோம்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் தம்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கரண்டியை மேஜையில் வைத்திருந்தான்.

"சொல்லு," என்றான்.

சொன்னாள். திங்கட்கிழமை காலைக் குளிரில் இந்தக் கால் ஏறிவிடும், யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் இவன் வேலை செய்வது வெயிலில். ஏணி ஏற்றிப் போகும் வண்டியின் இரும்புத் தளத்தில் மதியம் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் இந்தப் பிசின் இளகும். நூல் என்னவோ அதே நூல்தான், அது எந்தச் சூட்டுக்கும் பயப்படாது. ஆனால் சுற்றி இறுக்கிப் பிடிக்க ஆளில்லாவிட்டால் அழுத்தம் வரும்போது நூல் நெளிந்துவிடும். என்றைக்காவது ஒருநாள், மேல் படியில் நிற்கும்போது.

"திரும்ப ஓவன்ல வைக்க முடியாதா?"

"வைக்கலாம். அச்சுல இருந்து கழட்டியாச்சு, இனிமே அது தானா நிக்கணும். கொஞ்சம் அவசரப்பட்டாலும் கோணிக்கும். கோணிக்கிச்சுன்னா திங்கக்கிழமை உனக்குக் கால் இல்ல."

"வைக்கலன்னா?"

"திங்கக்கிழமை ஏறிடுவ."

தம்பி கொஞ்ச நேரம் தன் பாதத்தையே பார்த்தான். பிறகு குனிந்து முதல் திருகாணியைத் தளர்த்த ஆரம்பித்தான்.

"நான் என்ன நினைக்கிறேன்னு நீ கேக்கவே இல்லையே," என்றாள் அவள்.

"நீ அடுப்பை அணைச்சப்பவே தெரிஞ்சுபோச்சு. சமையலைப் பாதியில விடுற ஆளா நீ?"

முதலாளிக்கு அடுக்குக்காரரே போன் செய்து நடந்ததைச் சொன்னார். முதலாளி சாவி எங்கே இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் பட்டறையில் மூன்று பேர். தம்பி பழைய கட்டைக் காலோடு, கையில் ஊன்றுகோலோடு வந்திருந்தான். அடுக்குக்காரர் அவன் முகத்தைப் பார்க்காமல் வாளியில் வெந்நீர் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, காலுக்குக் குளிப்பாட்டா?"

"விளையாடாதடா. நான் தூங்கவே இல்ல."

"பாசத்துல செஞ்சீங்க. அடுத்த தடவை கொஞ்சம் விரோதமா செய்யுங்க, சரியா வரும்."

அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

முதலில் அலமாரியிலிருந்து நல்ல கால் ஒன்றை எடுத்து, சோதனைச் சட்டத்தில் பொருத்தி, கால்விரல் பக்கம் முப்பது கிலோ எடையைத் தொங்கவிட்டார்கள். பதினோரு மில்லிமீட்டர் தாழ்ந்தது. அதையே எழுபது டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து எடை மாட்டினார்கள். அப்போதும் பதினொன்று. பிறகு தம்பியின் கால். குளிர்ந்திருக்கும்போது பதினொன்று. வெந்நீரில் அரை மணி நேரம் ஊறிய பிறகு பத்தொன்பது. எடையை எடுத்ததும் நல்ல கால் சட்டென்று நிமிர்ந்தது. இது ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத்தான் நிமிர்ந்தது.

அடுக்குக்காரர் அந்த எண்ணை எழுதிவிட்டுப் பேனாவை மூடத் தெரியாமல் மூடிக்கொண்டே இருந்தார்.

ஓவன்காரி காலைத் துடைத்து, அது தம்பியின் உடம்பில் எப்படி நிற்குமோ அப்படியே ஒரு இரும்புத் தாங்கியில் முடுக்கி ஓவனுக்குள் வைத்தாள். சூடு பார்க்கும் கம்பியை இந்தத் தடவை ஓவன் காற்றில் தொங்கவிடவில்லை, குதிகாலிலேயே ஒட்டினாள். கால்விரல் நுனியில் முழ நீளத்துக்கு ஒரு மெல்லிய எஃகுக் கம்பியைக் கட்டி, அதன் முனை கண்ணாடி ஜன்னலுக்கு நேராக வரும்படி வைத்து, கண்ணாடியில் பேனாவால் ஒரு கோடு போட்டாள். பாதம் மயிரிழை கோணினாலும் கம்பியின் முனை அரிசி நீளம் நகரும்.

எட்டு மணிக்கு ஆரம்பித்தாள். அறுபது. அறுபத்தைந்து. எழுபது. ஐந்து டிகிரிக்கு அரை மணி நேரம். மூன்று பேரும் ஓவன் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தம்பி டீ வாங்கி வரப்போவதாகச் சொன்னான், இரண்டு பேரும் ஒரே குரலில் உட்காருடா என்றார்கள்.

எண்பது வரை முனை கோட்டிலேயே நின்றது. எண்பத்து நான்கில் நகர்ந்தது.

அரை அரிசி. வலது பக்கம். அடுக்குக்காரர் எழுந்துவிட்டார்.

"தங்கச்சி, நிறுத்திடு. வெளிய எடுத்துடலாம்."

"இப்ப எடுத்தா அப்படியே கோணலா ஆறிடும்."

"அப்ப என்ன பண்றது?"

"நான் முந்திட்டேன். கொஞ்சம் பின்னாடி வரேன். அது வரட்டும்."

எண்பதுக்குக் குறைத்தாள். முனை அங்கேயே நின்றது. திரும்பியும் வரவில்லை, மேலே போகவும் இல்லை. பத்து நிமிடம். அரை மணி. ஒரு மணி நேரம். ஓவன் விசிறியின் சத்தம் மட்டும். வெளியே தெருவில் ஒருவர் வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்துவிட்டு, தள்ளிக்கொண்டே போனார்.

"உள்ள என்னதான்க்கா நடக்குது?" என்றான் தம்பி, மெதுவாக.

"கை கோத்துக்கிட்டிருக்காங்க."

"எத்தனை பேரு?"

"எண்ண முடியாதுடா. இந்த ஊர்ல உள்ளவங்க, உலகத்துல உள்ளவங்க, அத்தனை பேரையும் விட எத்தனையோ மடங்கு. உன் குதிகாலுக்குள்ள மட்டும்."

தம்பி ஜன்னலில் நெற்றியை வைத்தான். கண்ணாடி சுட்டதும் பின்வாங்கி, மறுபடி அதே தூரத்தில் போய் நின்றான். அதற்கப்புறம் ஓவனைத் திறக்கும் வரை அவன் ஜோக்கே அடிக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு அவள் மறுபடி ஏற்றினாள். எண்பத்தொன்று. எண்பத்திரண்டு. எண்பத்து மூன்றில் அடுக்குக்காரர் கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் எண்ண ஆரம்பித்தார். அடுக்கும்போது எண்ணுவது மாதிரியே.

எண்பத்து நான்கு. முனை நகரவில்லை.

எண்பத்து எட்டு. நகரவில்லை. தொண்ணூறு.

காலையில் எந்தச் சூட்டில் இளகியதோ, மதியம் அதே சூட்டை அது சட்டை செய்யவில்லை. அதே கால். ஒரு நூல் கூட்டவில்லை, ஒரு சொட்டுப் பிசின் கூட்டவில்லை. வெறும் காத்திருப்பு. பதினோரு வருடமாக இது நடக்கிறது என்று அவளுக்குத் தெரியும். தாளில் கோடாகப் பார்த்திருக்கிறாள், ஒடிந்த சாட்சிகளில் பார்த்திருக்கிறாள். நடக்கும்போதே பார்த்தது இன்றைக்குத்தான். முனையிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டி அடுக்குக்காரரின் தோளைத் தொட்டாள்.

"கண்ணைத் திறங்கண்ணே," என்றாள்.

"போயிடுச்சா?"

"நம்ம கூடவே வந்துக்கிட்டிருக்கு."

நூறு. நூற்றுப் பத்து. நான்கு மணிக்கு நூற்றிருபது. அங்கேயே இரண்டு மணி நேரம் நிறுத்தினாள். பிறகு ஏற்றிய மாதிரியே மெல்ல இறக்கினாள். அதற்குள் அடுக்குக்காரர் வெளியே போய் ரொட்டியும் டீயும் வாங்கி வந்தார். இரவு பத்து மணிக்குக் கதவைத் திறந்தபோது கண்ணாடி துடைத்துவைத்தது மாதிரி உலர்ந்திருந்தது.

தம்பிதான் முதலில் தட்டினான். கரண்டியை வீட்டிலிருந்தே சட்டைப்பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தான்.

டங். சொல்லிவிட்டுக் கொஞ்சம் இழுத்தது.

அடுக்குக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாளியை எடுத்தார். எழுபது டிகிரி வெந்நீர், அரை மணி நேரம், முப்பது கிலோ எடை. பதினொன்று. எடையை எடுத்ததும் சட்டென்று நிமிர்ந்தது. அவர் அந்த எண்ணை எழுதிவிட்டு, இந்தத் தடவை பேனாவை ஒரே முறையில் மூடினார்.

சட்டத்தில் வைத்துப் பார்த்ததில் கால்விரல் பக்கம் ஒரு மயிரிழை வெளிப்பக்கமாகப் போயிருந்தது. எண்பத்து நான்கில் போனது போனதுதான். ஓவன்காரி அதைக் காட்டினாள்.

"வெளிய பார்த்து நிக்குதுடா. நடையில தெரியாது. ஆனா இருக்கு, சொல்லிட்டேன்."

தம்பி பாதத்தைக் கையில் வாங்கி ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான்.

"என் நிஜக் காலும் இப்படித்தான் நிக்கும். நீதான் சின்ன வயசுல வாத்துன்னு கூப்பிடுவ."

"இப்பவும் வாத்துதான்."

"எப்படிக்கா அதுக்குத் தெரிஞ்சுது?" என்று கேட்டான். விளையாட்டுக்குக் கேட்கிறானா நிஜமாகத்தான் கேட்கிறானா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தம்பி ஏணியில் ஏறினான். இருபத்திரண்டு படி. மேலே ஒரு விளக்கைக் கழற்றிவிட்டு வேறு விளக்கு மாட்டினான். இறங்கினான். மேற்பார்வையாளர் தாளில் கையெழுத்துப் போட்டார். எட்டு மணிக்கு ஓவன்காரி வேலைக்குப் போனபோது, அடுக்குக்காரர் அச்சின் பின்னாலிருந்து பிளாஸ்டரை உளியால் பெயர்த்துக்கொண்டிருந்தார். சாட்சி படுக்க அச்சின் ஓரத்திலேயே ஓர் இடம் வெட்டி வைத்திருந்தார்.